ஒரு சாட்சி போதும்



கணவன் கடல் கடந்து போகிறான். ஆண்டுகள் பல கழிந்தும் ஆளும் இல்லை, சேதியும் இல்லை. அவள் மனைவியா, விதவையா? இப்படி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பெண்ணை யூதர்கள் எபிரேய மொழியில் 'அகுனா' என்பார்கள். கட்டுண்டவள் என்று பொருள்.

யூதச் சட்ட மரபுகளின் தொகுப்பான மிஷ்னா, கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டது. அதன் ஆறு பெரும் பிரிவுகளில் ஒன்றின் பெயரே 'பெண்கள்'. அதிலுள்ள 'யெவாமோத்' என்னும் நூல் இவளைப் பற்றிப் பேசுகிறது.

யூதச் சட்டத்தின் பொதுவிதி கடுமையானது. இரண்டு சாட்சிகள் வேண்டும். பெண்களின் சாட்சியம் பெரும்பாலும் செல்லாது. ஆனால் இவளுக்காக ரபிமார் அந்த விதியையே தளர்த்தினார்கள். தெல் அர்சா என்ற இடத்தில் சிலர் கொல்லப்பட்டபோது, மூத்த கமாலியேல் என்ற அறிஞர் ஒரே சாட்சியை ஏற்று, அவர்களின் மனைவியருக்கு மறுமணம் செய்ய அனுமதி கொடுத்தார். பின்னர் அந்தச் சாட்சி பெண்ணாகவோ அடிமையாகவோ இருக்கலாம், பிறர் சொல்லக் கேட்ட செய்தியும் போதும் என்று வழக்கமாயிற்று.

மனைவியே வந்து கணவன் இறந்துவிட்டதாகச் சொன்னால்? அதே நாட்டில் அறுவடைக்குப் போய்த் திரும்பியவளை மட்டுமே நம்பலாம் என்றனர் ஹில்லேல் பள்ளியார். கடும்போக்காளர் எனப் பெயரெடுத்த ஷம்மாய் பள்ளியாரோ, கடல் கடந்து வந்தவளையும் நம்பவேண்டும் என்றனர். இறுதியில் ஹில்லேல் பள்ளியாரும் அதையே ஏற்றுக்கொண்டனர்.

ஆனாலும் போர்க்காலத்தில் அவளுடைய சொல் மட்டும் போதாது. குழப்பத்தில் அவள் ஊகித்திருக்கலாம் என்று தயங்கினார்கள். மறுமணத்தின் பின் முதற்கணவன் திரும்பி வந்தால், அவள் இருவரையும் பிரியவேண்டும். முடிவு இவ்வளவு கடுமையானதால் அவள் தீர விசாரித்தே மணம் செய்வாள் என்று நம்பித்தான், தொடக்கத்தில் இளகினார்கள் என்கிறது டல்மூட்.

இன்னொரு கதவு திறக்கவில்லை. கணவன் உயிரோடிருந்து 'கெத்' எனும் மணவிலக்குப் பத்திரத்தைக் கொடுக்க மறுத்தால், மரபைக் கைக்கொள்ளும் யூதப் பெண் இன்றும் கட்டுண்டவளே.

இந்த விதிகளை வகுத்தவர்கள் ஆண்கள். இருந்தும், காத்திருப்பவளின் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கவேண்டும் என்ற இடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். காணாமற்போனவருக்காகக் காத்திருக்கும் வீடுகள் எங்களிடையேயும் உண்டு. அங்குள்ள பெண்ணை இன்னாரென்று நாங்கள் முடிவுகட்ட முன், அவள் சொல்வதைக் கேட்போம்.