ஒற்றுமை என்னும் அரண்

நான்கு எருதுகள் கூடி மேய்ந்தவரை சிங்கம் நெருங்க அஞ்சியது. அவை பிரிந்தபின் ஒவ்வொன்றாய் அதற்கு இரையாயின. பாலர் வகுப்பிற் படித்த இக்கதை, சென்ற நூற்றாண்டிலே தேசங்களின் வாழ்விலும் நடந்தேறியது.

1938இல் பிரித்தானியாவும் பிரான்சும் மியூனிக் நகரில் செக்கோஸ்லவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்து, சமாதானத்தைப் பெற்றுவிட்டதாக எண்ணின. டென்மார்க், நோர்வே, ஒல்லாந்து, பெல்ஜியம் ஆகியவை நடுநிலைமையே தமக்குக் காவல் என நம்பின. 1940 ஏப்ரல், மே மாதங்களில் நான்குமே தாக்கப்பட்டன.

ஆசியாவிலும் இதே பாடந்தான். 1941 டிசம்பரில் ஜப்பான் பாய்ந்த பின்னரே, அமெரிக்க, பிரித்தானிய, ஒல்லாந்த, அவுஸ்திரேலியப் படைகள் ஜெனரல் வேவலின் கீழ் ஒன்றுசேர்க்கப்பட்டன. காலங்கடந்த அந்த ஐக்கியம் இரண்டு மாதங்கூட நிலைக்கவில்லை. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்த நம்மவர் பல்லாயிரவர் சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எண்ணற்றோர் அங்கேயே மடிந்தனர்.

அடுத்து அடி விழுந்தது இலங்கையிலே. 1942 ஏப்ரல் 4ஆந் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானப்படை வீரர் பேர்ச்சல், ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவரது விமானம் வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பும், 9ஆந் திகதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. இழப்புப் பெரிதாயினும் நமது தீவு சிங்கப்பூரின் கதிக்கு ஆளாகவில்லை. எங்கோ பிறந்த ஒரு கனடியர் நம் கரையைக் காக்கத் தம்மைப் பணயம் வைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

காத்தவர் படைவீரர் மட்டுமல்லர். மலாயா வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் வழங்கிய முக்கிய நாடு இலங்கையே. 1940 ஜூலை முதல் பிரித்தானியாவில் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் தேயிலை பங்கீடு செய்யப்பட்டது. அந்தத் தேயிலையில் நம் முன்னோர் கிள்ளிய கொழுந்தும் இருந்தது.

பேர்ச்சல் செய்தி அனுப்பிய நாளிலிருந்து சரியாக ஏழு ஆண்டுகளில், 1949 ஏப்ரல் 4இல், கனடா உட்பட 12 நாடுகள் வட அத்திலாந்திக் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்பதே அதன் சாரம். முன்னர் நடுநிலைமையை நம்பிக் கெட்ட அந்த நான்கு நாடுகளும் அதிற் சேர்ந்தன. 2022இல் ரஷ்யா உக்ரேன்மீது பெரும் படையெடுப்பை நடத்திய பின், பின்லாந்து 2023இலும் சுவீடன் 2024இலும் இணைந்தன.

ஆயினும் அந்த ஐக்கியத்திலும் குறையுண்டு. சுதந்திரத்தைக் காக்கக் கூடிய அந்தப் பன்னிருவருள் சர்வாதிகாரி சலசாரின் போர்த்துக்கலும் ஒன்று. நம் நாட்டிலும் இத்தகைய முரண்பாடு நேர்ந்தது. யுத்த காலத்தில் றப்பர்ப் பால் வெட்டிய கைகளும் கொழுந்து கிள்ளிய கைகளும் வேண்டியிருந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தாலோ மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்த வழக்கு நீண்டது.

வாலிப நண்பர்களே! ஆபத்து வருமுன்னரே ஒன்றுகூட வேண்டும் என்பது ஒரு பாடம். ஆபத்து நீங்கியபின் தோள்கொடுத்தவனைக் கைவிடலாகாது என்பது மற்றது. முதற் பாடத்தை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. இரண்டாவதன் விலை என்னவென்பதை நம் லயங்களிலுள்ள பெரியோரைக் கேட்டறிவோமாக.