வாஷிங்டன் சிந்தனைக் குழாம்களும் அவற்றின் புரவலர்களும்

அரசின் கொள்கைகளை ஆராய்ந்து ஆலோசனை சொல்வதற்கென்றே இயங்கும் தனியார் நிறுவனங்கள் சிந்தனைக் குழாம்கள் எனப்படுகின்றன. இவற்றுக்கு மாணவர் கட்டணம் கிடையாது. சந்தையில் விற்கும் சரக்கும் பெரிதாக இல்லை. யாராவது பணம் தந்தால்தான் ஆய்வு நடக்கும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அந்தப் பணத்தைத் தந்தவர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள். ஆய்வின் போக்கும் நடையும் வேகமும் கூடவே மாறின.

முதல் தலைமுறைப் புரவலர்கள் தொழிலில் பெரும்பொருள் ஈட்டி ஓய்ந்தவர்கள். எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னெகி 1910-ல் 1 கோடி டாலர் வைப்புநிதியுடன் சர்வதேச அமைதிக்கான அறக்கட்டளையை நிறுவினார். 1916-ல் தோன்றிய அரசாங்க ஆய்வு நிறுவனத்துக்கு செயின்ட் லூயிஸ் வணிகர் ராபர்ட் புரூக்கிங்ஸ் தூணாக நின்றார். மத்திய அரசுக்கு முறையான வரவுசெலவுத் திட்டம் வேண்டும் என அது வாதாடியது. 1921-ல் அதற்கான சட்டம் வந்தது. 1927-ல் அது வேறு இரண்டு அமைப்புகளுடன் இணைந்து புரூக்கிங்ஸ் நிறுவனம் ஆயிற்று. கட்சி சாராத நிபுணர்கள் உண்மைகளைத் திரட்டித் தந்தால் ஆட்சி தானே சீர்படும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை.

நம்பிக்கை அப்படி; நடைமுறை வேறு. இன்று ஜனநாயகக் கட்சிக்கு நெருக்கமானதாகப் பேசப்படும் புரூக்கிங்ஸ், 1930-களில் ஹெரால்ட் மோல்டன் தலைமையில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ‘நியூ டீல்’ பொருளாதார மீட்புத் திட்டங்களைக் கடுமையாக விமர்சித்தது. 1967-ல் ஜனாதிபதி ஜான்சனின் முன்னாள் பட்ஜெட் இயக்குநர் கெர்மிட் கார்டன் தலைவரானபோது தராசு மறுபக்கம் சாய்ந்திருந்தது. 1971 ஜூனில், அங்கே இருப்பதாகக் கருதப்பட்ட கோப்புகளைப் புகுந்து எடுத்துவரும்படி ஜனாதிபதி நிக்சன் உதவியாளர்களிடம் கத்தியது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. அந்தத் திட்டம் நிறைவேறவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசே புரவலரானது. 1946-ல் விமானப்படைக்காக டக்ளஸ் விமான நிறுவனத்துக்குள் தொடங்கிய ராண்ட் திட்டம், 1948-ல் தனி நிறுவனமாகி, ஒப்பந்தப் பணத்தில் அணு ஆயுத உத்திகளை ஆராய்ந்தது. கேள்வி கேட்பவரும் பணம் கொடுப்பவரும் ஒருவரே என்பது அங்கே ஒளிவுமறைவில்லாத ஏற்பாடு. பின்னாளில் வந்த பல நிறுவனங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

வணிக உலகின் பணம் வந்த கதைதான் இவற்றில் சுவையானது. ஆஸ்பெஸ்டாஸ் தயாரித்த ஜான்ஸ்-மேன்வில் நிறுவனத்தின் தலைவர் லூயிஸ் பிரவுன் 1938-ல் நியூயார்க்கில் அமெரிக்கத் தொழில்முனைவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1943-ல் அது வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தது. போர்க்கால விலைக் கட்டுப்பாடு நிரந்தரமாகிவிடக் கூடாது என்ற கவலை அதன் புரவலர்களுக்கு இருந்தது. 1954-ல் சேர்ந்த வில்லியம் பரூடி அதைத் தரமான ஆய்வு நிறுவனமாக வளர்த்தார்; 1962-ல் அமெரிக்கத் தொழில்முனைவு நிறுவனம் (ஏஇஐ) என்ற பெயர் வந்தது. 1964 தேர்தலில் பரூடி குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டருக்காக உழைத்தார். ஏஇஐ போன்ற வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் வேட்பாளருக்காகப் பிரசாரம் செய்யச் சட்டம் இடம் தராது. தேர்தலில் கோல்ட்வாட்டர் தோற்றார்; வருமானவரித் துறை ஏஇஐ-யின் கணக்குகளைத் துருவியது. சூடு கண்ட நிறுவனம் அதன்பின் மிகவும் எச்சரிக்கையானது.

அந்த எச்சரிக்கையே போட்டியாளரை உருவாக்கியது. 1971-ல் ஒலியை மிஞ்சும் பயணிகள் விமானத் திட்டத்துக்கு நிதி தருவது பற்றி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஏஇஐ-யின் ஆய்வறிக்கை உறுப்பினர்களின் மேசைக்கு வந்தது வாக்கெடுப்பு முடிந்த பிறகு. வாக்கெடுப்பில் தலையிட விரும்பவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணமாம். உறுப்பினர்களின் உதவியாளர்களாக இருந்த எட்வின் ஃபுல்னரும் பால் வேய்ரிச்சும் இதைக் கேட்டு வெகுண்டார்கள். ஃபுல்னர் பிற்காலத்தில் பலமுறை சொன்ன கதை இது. அதே ஆண்டு ஆகஸ்டில் வழக்கறிஞர் லூயிஸ் பவல், தொழில்துறை தன் கருத்துக்காகத் திரண்டு போராட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக சபைக்கு ரகசியக் குறிப்பு எழுதினார். அதைப் படித்து உந்தப்பட்டவர்களில் பீர் ஆலை அதிபர் ஜோசஃப் கூர்ஸ் ஒருவர். அவர் தந்த 2.5 லட்சம் டாலருடன் 1973-ல் ஹெரிடேஜ் அறக்கட்டளை பிறந்தது.

தடித்த நூல்கள் எழுதுவதில் ஹெரிடேஜுக்கு நாட்டமில்லை. விமான நிலையத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குக் காரில் போகும் நேரத்துக்குள் படித்து முடிக்கக்கூடிய குறிப்புகளை, வாக்கெடுப்புக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுத்தது. இந்த விதிக்குப் பெரிய விலக்கு, ரீகன் ஆட்சிக்கென்று 1980-ல் தயாரித்த சுமார் 1,100 பக்கச் செயல்திட்டம். தன் வலதுசாரிச் சார்பை மறைக்காமல் சொன்னதில் ஒரு நேர்மை உண்டு. அதே மூச்சில், முடிவு முன்பே தெரிந்த ஆய்வு என்ற புதிய வகையும் வழக்கத்துக்கு வந்துவிட்டது.

இந்தப் போட்டியில் ஏஇஐ கொடுத்த விலை பெரிது. நிறுவனம் நடுவழிக்கு நழுவுவதாகவும் நிர்வாகம் சரியில்லை என்றும் அதிருப்தியுற்ற ஓலின், ஸ்மித் ரிச்சர்ட்சன் அறக்கட்டளைகள் நிதியை நிறுத்தின. வலதுசாரிகள் ஆட்சியில் இருந்த 1986-லேயே அது திவாலாகும் நிலைக்கு வந்தது. அப்போது தலைவராக இருந்த பரூடியின் மகன் பதவி விலகினார். வைப்புநிதியில் வாழும் நிறுவனம் புரவலரின் முகச்சுளிப்பைத் தாங்கிக்கொள்ளும். ஆண்டுதோறும் நன்கொடை கேட்டுப் போகும் நிறுவனத்துக்கு அந்தத் தெம்பு இல்லை. எதிர்முகாமும் ஹெரிடேஜையே பாடமாகக் கொண்டது. ஜனாதிபதி கிளின்டனின் வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரியாக இருந்த ஜான் பொடெஸ்டா, முதலீட்டாளர் ஜார்ஜ் சோரோஸ் போன்றோரின் ஆதரவுடன் 2003-ல் அமெரிக்க முன்னேற்ற மையத்தைத் தொடங்கினார்.

அடுத்து வந்த புரவலர்கள் தொழில்நுட்ப நிறுவனங்களும் அயல்நாட்டு அரசுகளும். 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்ததை, கூகுளின் நிதி பெற்றுவந்த நியூ அமெரிக்கா நிறுவனத்தின் ஆய்வாளர் பேரி லின் பாராட்டி எழுதினார். சில வாரங்களில் அவரது குழு வெளியேற்றப்பட்டது. கூகுளின் அழுத்தம் காரணமல்ல என்றது நிறுவனம். கத்தார் அரசு புரூக்கிங்ஸுக்கு நான்கு ஆண்டுகளில் 1.48 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்ததை 2014-ல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. கத்தாருக்காகச் செல்வாக்கைப் பயன்படுத்தினாரா என்ற விசாரணையின் நடுவே 2022-ல் புரூக்கிங்ஸ் தலைவர் ஜான் ஆலன் பதவி விலகினார். அவர்மீது வழக்கு ஏதும் தொடரப்படவில்லை.

பெரிய நன்கொடையாளர்களின் பட்டியலை இந்நிறுவனங்கள் வருமானவரித் துறையிடம் தர வேண்டும். பொதுமக்களிடம் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல நிறுவனங்கள் பெயர்களைத் தாமாகவே தொகை வரம்புகளோடு வெளியிடுகின்றன, சில மூச்சு விடுவதில்லை. 2014 செய்திக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. நாடாளுமன்றக் கீழவைக் குழுக்கள் முன் சாட்சி சொல்ல வரும் ஆய்வாளர்கள், பேசும் பொருள் தொடர்பாகத் தமக்கோ தம் நிறுவனத்துக்கோ அயல்நாட்டு அரசுகள் தந்த பணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று 2015 ஜனவரியில் அவை விதி வகுத்தது. தனியார் நிறுவனங்களின் பணத்தை அந்த விதி தொடவில்லை.