ஒரு கல்லறை வாசகமும் தாடியஸ் ஸ்டீவன்ஸின் 'பதவி வேட்கை'யும்

தாடியஸ் ஸ்டீவன்ஸைப் பற்றி ரிச்சர்ட் நெல்சன் கரன்ட் 1942இல் எழுதிய நூலின் துணைத்தலைப்பே அதன் முடிவையும் சொல்லிவிடுகிறது: பதவி வேட்கையின் கதை. போர்க்கால அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நிதிக் கடிவாளத்தைக் கையில் வைத்திருந்தவர், தென்மாநில மறுசீரமைப்பின் முன்னணித் தலைவர், அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்கத் தீர்மானத்துக்கு முன்நின்றவர் என்றெல்லாம் அறியப்பட்ட ஸ்டீவன்ஸ், கரன்ட்டின் பார்வையில் வடபுலத் தொழில் முதலாளிகளுக்கும் தம் கட்சிக்கும் உழைத்த ஒருவர். விரும்பிய பதவிகள் கைகூடாத கசப்பே அவரை இயக்கியது. கறுப்பின மக்களின் வாக்குரிமையும் இந்தக் கணக்கில் ஒரு காய்தான்.

இந்த வாசிப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. 1861இல் அவர் எதிர்பார்த்த அமைச்சர் பதவி, கட்சிக்குள்ளேயே அவருக்குப் போட்டியாளரான சைமன் கேமரனுக்குப் போனது. 1867 ஜனவரியில் செனட் இடமும் அதே கேமரனுக்கே. ஸ்டீவன்ஸ் கலிடோனியா இரும்பாலையின் உரிமையாளர். இறக்குமதி வரியால் ஆதாயம் அடைந்தவர். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை அளித்தால் கட்சியின் ஆதிக்கம் நிலைக்கும் என்று 1867 ஜனவரியில் சபையிலேயே சொன்னார். அது கட்சி நோக்கம்தானே என்று கேட்பவர்களுக்கு, ஆம் என்று முந்திக்கொண்டு பதிலும் சொன்னார். இன்னும் பின்னே போனால் 1821இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தில் விடுதலை கோரிய சாரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண்ணுக்கு எதிராக, மேரிலாந்து உடைமையாளர் தரப்பில் வாதாடி வென்றவரும் இவரே. அவரைப் போற்றுவோர் இந்த வழக்கை விரைந்து கடந்துவிடுகிறார்கள். கடக்கக்கூடாது.

ஆனால் கரன்ட் ஓர் இடத்தில் சறுக்குகிறார். முதலாளிகளின் ஆள் என்றால் 1865 செப்டம்பர் லங்காஸ்டர் உரையை என்ன செய்வது? அதில் அவர் கேட்டவை இவை: தென்மாநிலக் கிளர்ச்சியில் ஈடுபட்ட ஏறத்தாழ 70,000 பெருநிலக்காரர்களிடமிருந்து 39.4 கோடி ஏக்கரைப் பறிமுதல் செய்யவேண்டும். விடுதலை பெற்ற ஒவ்வொரு வயதுவந்த ஆணுக்கும் 40 ஏக்கர் தரவேண்டும். மீதியை விற்று நாட்டின் கடனை அடைக்கவேண்டும். சொத்துரிமையில் கைவைக்கும் இத்திட்டம் வடபுல முதலாளிகளுக்கே அச்சமூட்டியது. 1867 மார்ச்சில் மசோதாவாகக் கொண்டுவந்தபோதும் சொந்தக் கட்சி அதை நிறைவேற்றவில்லை. தோற்கும் என்று தெரிந்தும் திரும்பக் கொண்டுவருவது பதவிக்கு அலைகிறவன் செய்கிற வேலையா?

கல்லறைக்கு வருகிறேன். லங்காஸ்டரின் ஷ்ரைனர் இடுகாட்டில் உள்ள கல்லில் ஸ்டீவன்ஸ் தாமே பேசுகிறார். தனிமையை விரும்பி இந்த ஒதுக்குப்புறத்தைத் தேரவில்லை. பிற இடுகாடுகள் தம் சாசன விதிகளால் இன வரம்பு வைத்திருப்பதைக் கண்டு, நெடிய வாழ்வில் தாம் முன்வைத்த கொள்கையை இறப்பிலும் எடுத்துக்காட்ட இதைத் தேர்ந்தார் என்பது அதன் பொருள். கொள்கை என்ன? படைத்தவன் முன் மனிதர் சமம்.

இங்கே ஒரு பாடபேதம் இருக்கிறது. ஒரே பிரதியின் இரு வடிவங்களுக்கிடையே அல்ல, ஒரே மனிதரின் இரு கூற்றுகளுக்கிடையே. அடிமைமுறையை ஒழிக்கும் 13ஆம் அரசமைப்புத் திருத்தத்தின் மீது 1865 ஜனவரியில் நடந்த விவாதத்தில் ஒஹாயோ உறுப்பினர் காக்ஸ் மடக்கியபோது, தாம் சொல்வது எல்லாவற்றிலும் சமத்துவம் அல்ல, சட்டத்தின் முன் சமத்துவம் மட்டுமே என்றார் ஸ்டீவன்ஸ். வாக்குகளைச் சேர்க்கவேண்டிய நேரத்துச் சுருக்கம் அது. கல்லிலோ 'சட்டம்' இருந்த இடத்தில் 'படைத்தவன்'.

முதுமையில் வந்த பக்தி என்று இதை விளக்குவதை நான் ஏற்கவில்லை. எந்தத் திருச்சபையிலும் உறுப்பினராகாதவர் அவர். 'படைத்தவன்' என்ற சொல் 1776 சுதந்திரப் பிரகடனத்தின் சொல். ஸ்டீவன்ஸ் சபையில் திரும்பத் திரும்ப நாடிய ஆவணமும் அதுவே. ஒற்றைச் சொல்லின் மேல் இத்தனை பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். ஏற்றலாம்: சட்டம் தந்ததைச் சட்டம் திரும்பப் பெற முடியும், படைத்தவன் தந்ததை யாரும் பெற முடியாது என்பதே பிரகடனத்தின் தர்க்கம். சபையில் சுருக்கிச் சொன்னதைக் கல்லில் முழுதாக்கினார் என்பது என் வாசிப்பு.

புகழும் ஒரு வேட்கைதான், கல்லறை அதற்கு நல்ல மேடை என்று கரன்ட் தரப்பில் மறுக்கலாம். அந்த மறுப்புக்குக் காலக்கணக்கு கொஞ்சம் துணைநிற்கிறது. கல்லில் பிறப்பு, இறப்பு நாள்கள் உண்டு. வாசகம் எழுதிய நாள் இல்லை. அவருடைய உயில் 1867 ஜூலை 30 தேதியிட்டது, செனட் தோல்விக்கு ஆறு மாதம் பின்னால். வாசகமும் அந்த மாதங்களில் பிறந்ததாகக் கொண்டால், நாட இனிப் பதவி இல்லாதவரின் துணிச்சல் அது எனலாம்.

அதற்கு என்னிடம் உள்ள பதில் ஒன்றே. பென்சில்வேனியாவின் 1838 அரசமைப்பு வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டும் என்று குறுக்கியபோது, அதை வகுத்த பேரவையின் உறுப்பினராக இருந்த ஸ்டீவன்ஸ் அதில் கையெழுத்திட மறுத்தார். அப்போது அவருக்கு வயது 45. நாடாளுமன்றத்துக்குப் போகவே இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன.