இருப்பதை அறிவித்தவர்கள் : ரோட்டரி வரலாற்றில் ஓர் ஏடு

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, வழக்கம்போல் கோயிலைப் பற்றியோ காப்பியத்தைப் பற்றியோ எழுதுவேன் என்று அன்பர்கள் எதிர்பார்த்திருக்கலாம். இம்முறை ஒரு கழிப்பறையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டும்.

நம் குடியிருப்புக்கு அண்மையில் உள்ள பள்ளி ஒன்றில் பெண் குழந்தைகளுக்குக் கழிப்பறை இல்லாதிருந்தது. பெரிய வகுப்புப் பெண்கள் மாதந்தோறும் சில நாட்கள் பள்ளிக்கு வாராமல் நின்றனர். நம் மாதர் பிரிவினர் இதனை எடுத்துரைத்ததும், அப்போது துணைக் காரியதரிசியாக இருந்த நான் நன்கொடைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். இரண்டாண்டுகளில் சேர்ந்த தொகை மதிப்பீட்டில் பாதியைக்கூட எட்டவில்லை. பிறகு ஒரு திருமண விருந்தில் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், தம்முடைய ரோட்டரி சங்கம் பள்ளிகளில் கழிப்பறை கட்டுவதற்கென்றே பணம் ஒதுக்கிவைத்து, தக்க பள்ளி ஒன்றை ஈராண்டாகத் தேடிக்கொண்டிருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. அவர்கள் வாரந்தோறும் கூடும் இடம் நம் சங்கக் கட்டடத்திலிருந்து பஸ்ஸில் நான்கு நிறுத்தம்.

கழிப்பறை நான்கே மாதங்களில் எழுந்தது. ஆனால் அந்த இரண்டாண்டுக்குள் படிப்பை விட்டுவிட்ட பெண்கள் மூவர். அவர்களைத் திரும்ப அழைத்துவர எங்களால் இயலவில்லை.

கொடுப்பதற்குப் பொருள் வைத்திருப்பவரும் அதை வேண்டி நிற்பவரும் ஒரே ஊரில் ஒருவரையொருவர் அறியாமல் வாழ்வது எவ்வாறு என்னும் கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை. தொண்டுச் சங்கங்கள் இதற்கு என்ன வழி கண்டன என்று தேடிப் படித்தேன். அவற்றுள் ரோட்டரியின் கதையே இக்கேள்விக்கு மிக அருகில் வருகிறது.

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் மாலை, சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞரும் அவருடைய நண்பர் மூவரும் ஓர் அலுவலக அறையில் கூடினர். ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் தையற்காரர். ஒவ்வோர் அங்கத்தினருடைய அலுவலகத்திலும் முறை வைத்துச் சுழன்று கூடியமையால் ரோட்டரி என்று பெயர் வந்தது. தொடக்கத்தில் இவர்களுடைய நோக்கம் தோழமையும் வியாபாரமுந்தான். யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் தந்தார் என்று கணக்கெழுதவே ஓர் அலுவலரை வைத்திருந்தார்கள் என்றால் வாசகர்கள் புன்னகை செய்வார்கள். ஊருக்குப் பயன்படாத சங்கம் நெடுநாள் நிலைக்காது என்று 1906இல் டொனால்டு கார்ட்டர் என்பவர் இடித்துரைத்த பின்னரே வெளியுலகை நோக்கித் திரும்பினர்.

அவ்வாறு திரும்பி, 1907இல் இவர்கள் மேற்கொண்ட முதற் பொதுப்பணி எது தெரியுமா? நகர மண்டபத்தருகே பொதுக் கழிப்பிடம் அமைக்கச் செய்ததுதான். அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆண்களுக்கு மதுக்கடைகளில் வசதி இருக்கிறதே என்றனர் மதுவணிகர். பெண்களுக்கு எங்கள் கடைகளில் இருக்கிறதே என்றனர் பெருங்கடைக்காரர். கழிப்பிடத்தைத் தேடி வருபவர் வாடிக்கையாளராகவும் ஆவார் என்பது இருவருடைய கணக்கு. பல்வேறு அமைப்புகளை ஒன்று சேர்த்து நகராட்சியிடம் வாதாடி அந்த வேலையை முடித்தனர். இச்செய்தியைப் படித்த அன்று எங்கள் பள்ளிக் கழிப்பறையை எண்ணிச் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன்.

1910இல் பதினாறு நகரங்களின் சங்கங்கள் சிகாகோவில் கூடித் தேசியக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவின. அதற்குக் காரியதரிசியாக வந்தவர் செஸ்லி பெர்ரி. நூலகத்தில் பணியாற்றிப் பழகிய இம்மனிதரைப் பற்றி நம்மவர் அதிகம் அறியார். பால் ஹாரிஸின் பெயர் எங்கும் ஒலிக்கிறது; பெர்ரியோ 1942 வரை முப்பத்திரண்டு ஆண்டுகள் மேசையின் பின்னே அமர்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நகரத்துச் சங்கம் கண்ட வழி இன்னொரு நகரத்துச் சங்கத்துக்குத் தெரியவேண்டும் என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதமே ரோட்டரியை ஓர் இயக்கமாக்கியது என்பது என் துணிபு. ஹாரிஸ் தம் கருத்துகளை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதி எல்லாச் சங்கங்களுக்கும் அனுப்ப விரும்பியபோது, அதனை வெறும் சுற்றறிக்கையாக விடாமல், சங்கச் செய்திகளும் விளம்பரங்களும் சேர்த்துப் பத்திரிகையாகவே அச்சிட்டுவிட்டனர். 1911 ஜனவரியில் வெளியான அவ்விதழின் வழித்தோன்றல் இன்றும் வருகிறது. அதன் இந்தியத் தோழியான 'ரோட்டரி நியூஸ்' சென்னையிலிருந்து வெளியாகிறது.

பொருள் சேர்ந்த கதையும் சுவையானது. 1917இல் ஆர்ச் கிளம்ப் என்பவர் உலகில் நன்மை செய்வதற்கென ஒரு நிதி வேண்டும் என்று அட்லாண்டா மாநாட்டில் பேசினார். மறு ஆண்டு அந்நிதிக்கு வந்த முதல் நன்கொடை இருபத்தாறரை டாலர்! முதல் உதவித்தொகை வெளியே செல்வதற்கு 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்நூறு டாலர் கொண்ட அத்தொகை ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒரு சர்வதேசச் சங்கத்துக்குப் போயிற்று. அச்சங்கத்தை நிறுவியவர் ஓஹையோவைச் சேர்ந்த எட்கர் ஆலன். 1907இல் தம் மகனை விபத்தில் பறிகொடுத்து, அந்தத் துயரத்தில் தம் ஊருக்கு மருத்துவமனை எழுப்பிய வணிகர் அவர். 1947இல் பால் ஹாரிஸ் மறைந்தபோது அவர் நினைவாகப் பணம் வெள்ளமாக வந்தது. அவ்வாண்டில் பதினெட்டு மாணவர் வெளிநாடு சென்று கற்க உதவி பெற்றனர்.

இங்கே 1923ஆம் ஆண்டைக் குறிப்பிடாமல் செல்லலாகாது. ஊனமுற்ற குழந்தைகளின் பணியையே எல்லாச் சங்கங்களும் ஏற்க வேண்டுமென்று ஒரு சாரார் வற்புறுத்தினர். தொண்டே நமக்கு வேண்டாம், நட்பு போதும் என்றும் சிலர் இருந்தனர். செயின்ட் லூயி மாநாடு இருவருக்கும் இடையே ஒரு வழி கண்டது. அந்தந்த ஊருக்கு எது தேவை என்பதை அந்தந்தச் சங்கமே முடிவு செய்யும். தலைமையகம் கட்டளையிடாது, ஆலோசனை கூறும். இத்தீர்மானத்தின் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். கட்டளையிடும் தலைமைக்கு அடியார்கள் போதும். ஆலோசனை கூறும் தலைமையோ, எங்கே என்ன நடக்கிறது, எதற்கு எவ்வளவு செலவாயிற்று, யாரைக் கேட்டால் தெரியும் என்பனவற்றையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்போர்க்குக் கொடுக்கவேண்டும். பெர்ரியின் நூலகப் பழக்கம் அவ்வியக்கத்தின் சட்டமாகவே ஆகிவிட்டது.

நாம் வாழும் இந்தக் கல்கத்தாவுக்கும் இக்கதையில் பெருமையான இடமுண்டு. ஆர். ஜே. கூம்ஸ் என்பவர் முயற்சியால் 1919இல் இங்கே தொடங்கிய சங்கமே இந்திய மண்ணின் முதல் ரோட்டரி சங்கம். சென்னையிலும் பம்பாயிலும் அது தோன்றியது 1929இல்தான். உலக ரோட்டரிக்குத் தலைவரான முதல் ஆசியரும் இந்நகரத்தவரே. நிதீஷ் லாஹரி 1962-63இல் அப்பதவி வகித்தார். அவர் காலத்தில் பள்ளி மாணவர்க்கென இன்டராக்ட் என்னும் இளைய சங்கம் பிறந்தது. முதலாவது சங்கம் 1962 நவம்பரில் புளோரிடாவில். இரண்டாவது எங்கே? நம் தஞ்சாவூரில்! பெரிய கோயிலின் நிழலில் வளர்ந்த மாணவர்கள் உலகத்திலேயே இரண்டாவதாக நின்றார்கள் என்பதை, தஞ்சை மாவட்டத்து அன்பர்கள் பலர் இருக்கும் நம் சங்கத்தில் இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

குறையொன்றும் கூறவேண்டும். 1989 வரை ரோட்டரியின் விதிகள் பெண்களை அங்கத்தினராக ஏற்கவில்லை. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின்னரே கதவு திறந்தது. வீட்டின் தேவையையும் தெருவின் தேவையையும் முதலில் அறிபவர்களை எண்பத்து நான்கு ஆண்டுகள் வெளியே நிறுத்திவிட்டு, தேவையைத் தேடியலைந்தார்கள்! பள்ளியின் குறையை நம்மில் முதலில் கண்டவர்கள் மாதர் பிரிவினர் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

இனி, அறிவதும் கொடுப்பதும் ஒன்றாய்க் கைகோத்த பெரும்பணிக்கு வருவோம். 1979இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் 60 லட்சம் குழந்தைகளுக்கு இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து கொடுக்க ரோட்டரி முன்வந்தது. 1985இல் அதனை உலகப் பணியாக்கியது. 12 கோடி டாலர் திரட்ட எண்ணினர். 1988க்குள் 24 கோடிக்கு மேல் சேர்ந்துவிட்டது. பணம் வந்தபின் எஞ்சிய வேலை, எந்த வீட்டில் எந்தக் குழந்தை விடுபட்டது என்று அறிவதே. அரசாங்கமும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ரோட்டரியும் சேர்ந்து உழைத்த அந்நாட்களில், ஊழியர்கள் வீட்டுச் சுவரில் சாக்குக்கட்டியால் ஆங்கில எழுத்தொன்றை எழுதிச் செல்வதை நம்மில் பலர் பார்த்திருப்போம். 'பி' என்றால் எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்றாயிற்று. 'எக்ஸ்' என்றால் மறுபடி வரவேண்டிய வீடு. அந்த ஒற்றை எழுத்துக்கு முன் எத்தனையோ அறிக்கைகள் வெறுங்காகிதம்.

இந்தியாவில் இந்நோயின் கடைசிக் குழந்தை 2011 ஜனவரி 13ஆம் நாள் கண்டறியப்பட்டது, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஹௌரா மாவட்டத்தில். சொட்டு மருந்து பெறாமல் விடுபட்டுப்போன ஒரு சிறு பெண் அவள். 2014 மார்ச் 27ஆம் நாள் தென்கிழக்கு ஆசியப் பகுதி முழுவதும் இந்நோயினின்று நீங்கியதாகச் சான்று வழங்கப்பெற்றது.

இன்றைய முறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் காரியதரிசிகளுக்குப் பயன்படும். ரோட்டரி அறக்கட்டளை தரும் உதவி பெரும்பாலும் இரு வகை. உள்ளூர்ச் சிறு வேலைகளுக்கு மாவட்ட உதவி. பெரிய திட்டங்களுக்கு உலக உதவி. இதற்குக் குறைந்தது இரு நாட்டுச் சங்கங்கள் கூட்டுச் சேர வேண்டும், பயன்பெறும் மக்களிடமே தேவையைக் கேட்டறிந்த அறிக்கையும் வேண்டும். ரோட்டரியில் சேராத ஊரார், ஒரு சங்கத்தின் ஆதரவில் சமுதாயப் படையாக அமைந்து பணி செய்யவும் இடமுண்டு. 1986இல் பிலிப்பைன்ஸ் நாட்டவரான கபராஸ் தலைவராக இருந்தபோது கிராமப் படை என்ற பெயரில் தொடங்கியது அது. நம் குடியிருப்பைப் போன்ற இடத்துக்கு மிகவும் ஏற்றது.

சென்ற ஆண்டு முதல் நம் நூல்நிலைய மேசையில் நீல அட்டையிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று கிடக்கிறது. இடப்பக்கத்தில் 'வேண்டுவது', வலப்பக்கத்தில் 'கிடைக்குமிடம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். பெயர் எழுத வேண்டியதில்லை. தேவையை மட்டும் எழுதலாம். இதுவரை இடப்பக்கத்தில் முப்பத்தொன்று, வலப்பக்கத்தில் பன்னிரண்டு. இடப்பக்கத்தின் கடைசி வரி ஒரு மூதாட்டியின் காது கேட்கும் கருவியைப் பற்றியது. கிடைக்குமிடம் அறிந்தவர்கள் விழா முடிந்து வீடு திரும்புமுன் நூல்நிலையத்துக்கு வந்து எழுதிவிட்டுச் செல்லலாம். இரவு ஒன்பது மணி வரை விளக்கெரியும்.