விழிஞ்ஞம் கடற்கரைக் கால்பந்து

விழிஞ்ஞம் கடற்கரைக் கால்பந்து என்பது, கேரள மாநிலத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் வெட்டுகாடு முதல் விழிஞ்ஞம் வழியாகப் பொழியூர் வரையிலும், அதற்குத் தெற்கே தமிழ்நாட்டின் குமரிக் கரையோர ஊர்களிலும், மீன்பிடித்து ஜீவிக்கும் ஜனங்களிடையே வேரூன்றிய ஆட்ட மரபாகும். இம்மரபின் விசேஷம் ஆட்டத்தில் மட்டும் அடங்கியதன்று. பெயர் பெற்றுவிட்ட வீரரைக் கொண்டாடுவதினும், இனிப் பெயர் பெறக்கூடிய பையனை முன்னதாகவே கண்டுகொண்டு, அவன் மணலில் ஆடிய நாள் தொட்டு மாநில அணிக்குள் நுழையும் நாள் வரையில் அவன் அணியின் வெற்றி தோல்விகளைத் தன் வீட்டுக் காரியம்போல் விசாரித்து வருகிற ரசிகரின் பழக்கமே இதற்குத் தனித்தன்மையைத் தருகிறது.

இடமும் மக்களும்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள விழிஞ்ஞம், ஆய் வேந்தர்களின் துறைமுகமாக விளங்கி, பாண்டியரும் சோழரும் கைப்பற்ற முனைந்து பொருத பழம்பதி. குடைவரைக் கோயில் ஒன்று இன்றும் அங்கே அப்பழமைக்குச் சாட்சியாக நிற்கிறது. பாறைகள் அரணாக அமைந்த குடா ஆகையால், மழைக்காலத்தில் பிற கரைகளிலிருந்து கடலில் இறங்க இயலாத வள்ளக்காரரும் இத்துறையை நாடி வருவதுண்டு. கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் குடாவைச் சுற்றி அருகருகே வாழ்கின்றனர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, பொழியூருக்கும் அதையடுத்த நீரோடிக்கும் இடையே மாநில எல்லை விழுந்தது. ஆயினும் பெண் கொடுத்து எடுப்பதும், கடலில் ஒன்றாய்ப் போவதும், பந்து ஆடுவதும் முன்போலவே எல்லையின் இருபுறமும் தொடர்ந்தன. ஆகவே தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை ஆகிய தமிழ்நாட்டு ஊர்களின் ஆட்டத்தையும் இம்மரபோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

மணல் கற்பித்த ஆட்டம்

காலையில் கரைமடி இழுத்து மீன் ஏலம் முடிந்த பின், வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் மாலை நேரத்தில், துடுப்புகள் இரண்டை ஊன்றினால் அதுவே கோல் கம்பம். அலை பின்வாங்கிய ஈர மணல் தரைபோல் இறுகியிருக்கும். அதற்கு மேலுள்ள உலர்ந்த மணலிலோ பந்து விழுந்த இடத்திலேயே செத்துக் கிடக்கும். தரையில் உருட்டி ஆட இயலாத காரணத்தால், பந்தை மார்பில் வாங்கித் தொடைக்கு இறக்கி, நிலத்தைத் தொடுமுன் உதைக்கும் பழக்கம் பையன்களுக்கு இளமையிலேயே கைகூடிவிடுகிறது. கணுக்கால் புதையும் மணலில் வெறுங்காலோடு ஓடியவன் புல்தரையில் ஓடும்போது பறப்பவனாகவே தோன்றுவான். அறுந்த வலைக்கண்களை முடிந்துகொண்டு வள்ளத்து நிழலில் அமர்ந்திருக்கும் முதியவர், கை வேலையை நிறுத்தாமலே, இடது காலால் பந்தை அடக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கவனித்து, அவன் யார் மகன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் வினவுகிறாரே, அந்த வினாவில்தான் இக்கட்டுரை கூறும் மரபு ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாய்ப் பிறக்கிறது.

படிநிலைகள்

இக்கரைப் பையன் ஏறிச் செல்லும் படிகள் ஊரார் எல்லாரும் அறிந்தவை. முதற்படி ஊர்க் கழகத்தின் அணி. பள்ளி விடுமுறையிலும் திருவிழாவை ஒட்டியும் நடக்கும் போட்டிகளில் அது அயலூரை எதிர்க்கும். அடுத்தது பள்ளி அணி, அல்லது ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல். மூன்றாவது, அரசு நிறுவனங்களும் வங்கிகளும் நடத்திய அணிகள். வெட்டுகாட்டுக்கு அருகே கொச்சுவேளிக் கடற்கரையிலேயே அமைந்த திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை, திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி, கேரள போலீஸ், மின்வாரியம், அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம் ஆகியவை இவற்றுள் பிரசித்தி பெற்றவை. ஆட்டத் திறமைக்காக அங்கே கிடைக்கும் உத்தியோகம், கடலின் கருணையை அன்றாடம் நம்பியிருந்த குடும்பத்துக்கு மாதச் சம்பளம் என்னும் உறுதியை அளித்தது. இந்த அணிகளில் சோபித்தவனுக்குத் திறக்கும் வாசலே மாநில அணியும், அது ஆடும் சந்தோஷ் கோப்பையும்.

நகரத்தில் இவ்வணிகள் மோதும் களமான சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியமும், கேரள விளையாட்டுத் துறைக்கு அடிகோலியவராகப் போற்றப்படும் கர்னல் கோதவர்ம ராஜாவின் பெயரால் நடத்தப்பெற்ற ஜி. வி. ராஜா கோப்பைப் போட்டியும், கடற்கரை ரசிகர் பஸ் பிடித்துச் சென்று தம் பையன்களைப் பார்த்த இடங்கள்.

சந்தோஷ் கோப்பை

இன்றைய வங்காளதேசத்தைச் சேர்ந்த சந்தோஷ் என்னும் ஊரின் ஜமீன்தாராகிய மன்மதநாத ராய் சௌதுரியின் நினைவாக 1941-இல் தொடங்கப்பெற்ற இம்மாநிலங்களுக்கிடையிலான போட்டியில், கேரளம் முதன்முதலாக வென்றது 1973-இல். எர்ணாகுளத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியை 3–2 என்று வென்ற அன்று, மூன்று கோல்களையும் அணித்தலைவர் மணியே அடித்தார். அதன்பின் 1991–92, 1992–93, 2001–02, 2004–05, 2017–18, 2021–22 ஆகிய பருவங்களிலும் கோப்பை கேரளத்துக்கு வந்தது. ஏறக்குறைய ஒவ்வொரு தலைமுறையிலும் ஆட்டக்காரரை அனுப்பிவந்தமையால் பொழியூருக்கு ‘சந்தோஷ் கோப்பைக் கிராமம்’ என்ற பட்டமே நிலைத்துவிட்டது.

2018-ஆம் ஆண்டின் வெற்றி இக்கரைக்குத் தனிப்பொருள் உடையது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஓக்கிப் புயல், பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர், தூத்தூர் முதலிய ஊர்களிலிருந்து கடலுக்குச் சென்றிருந்த பலரைத் திரும்ப வராமல் செய்துவிட்டது. கிறிஸ்துமஸ் வந்தும் விளக்கேற்றாத வீடுகள் பலவாயிருந்த அக்கரைக்கு, நான்கு மாதங்கள் கழிந்து, ஈஸ்டர் ஞாயிறாக அமைந்த ஏப்ரல் 1 அன்று, கல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. வங்காள அணியோடு கூடுதல் நேரம் முடியும்வரை ஆடி 2–2 என்று சமநிலையில் நின்ற கேரளம், கோல்காப்பாளர் மிதுன் வங்காளத்தாரின் முதல் இரண்டு உதைகளையும் தடுக்க, பெனால்டியில் 4–2 என்று வென்றது. வெற்றியை முடித்துவைத்த நான்காம் உதையைச் செலுத்தியவர் பொழியூர் சீசன். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் கோப்பை மீண்டது என்று மாநிலம் முழுவதும் மகிழ்ந்தது. கடற்கரையோ, துயரத்தின் மத்தியில் தன் பிள்ளை ஒருவன் தடுமாறாமல் உதைத்தான் என்பதை நினைத்து நெஞ்சம் நிறைந்தது.

முடிவுகளை அறியும் வழி

ஆகாசவாணியின் மலையாள நேர்முக வர்ணனையும், மறுநாள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கமும் நெடுங்காலம் செய்திக்கு வாயில்களாயிருந்தன. பெரிய ஆட்டங்களுக்குப் பத்திகள் ஒதுக்கப்பெற்ற அப்பக்கத்தின் ஓரத்தில், மாவட்ட லீகின் முடிவு இரண்டே வரிகளில், பொடி எழுத்தில் இருக்கும். சாயாக்கடையில் முதலில் வாசிக்கப்படுவது அவ்விரண்டு வரிகளே. எந்த அணி வென்றது என்பதோடு கேள்வி தீர்ந்துவிடுவதில்லை; நம் பையன் தொடக்கத்திலேயே இறங்கினானா, எத்தனை நிமிஷம் ஆடினான், எந்த இடத்தில் நிறுத்தினார்கள், முழங்காலில் பட்ட அடி ஆறிவிட்டதா என்று விசாரணை நீளும். அணி தோற்றும் பையன் நன்றாக ஆடியிருந்தால் அது பாதி வெற்றி. அணி வென்றும் அவன் பெஞ்சிலேயே அமர்ந்திருந்தால் அது கவலை. இக்காலத்தில் கைப்பேசியில் ஆட்டத்தையே பார்க்க முடிகிறது எனினும், கேள்விகள் மாறவில்லை.

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்திலும் இதற்கு ஒப்பான ஒரு பழக்கம் உண்டு. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி வகுத்த முறையைப் பின்பற்றி, பெரிய அணி ஒவ்வொன்றும் சிற்றூர்களில் உள்ள மைனர் லீக் அணிகளில் இளைஞரை வளர்க்கிறது. 2021 முதல் அத்தகைய அணிகள் 120 நான்கு படிகளில் ஆடுகின்றன. ரசிகரும் அவ்விளைஞரின் அன்றாட முடிவுகளைத் தேடிப் படிக்கின்றனர். நம் நாட்டு ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008-இல் பிட்ஸ்பர்க் அணியால் ஒப்பந்தம் செய்யப்பெற்று அதன் கீழ்ப்படி அணியில் ஆடியவர்களே. ஆனால் அங்கே படிகளைக் கட்டியது பெரிய அணியின் முதலீடு. விழிஞ்ஞம் கரையில் அவற்றைக் கட்டியது ஊரின் அபிமானமும், ஓர் உத்தியோகத்தின்மேல் வைத்த நம்பிக்கையும்.

பிற்கால வளர்ச்சி

2013-இல் தொடங்கிய கேரள பிரீமியர் லீக் இப்படிகளுக்கு நடுவே மற்றொரு படியைச் சேர்த்தது. முன்னாள் ஆட்டக்காரர் எபின் ரோஸின் முயற்சியால் மீனவச் சிறுவர்களைத் திரட்டி உருவான கோவளம் எஃப்.சி. அந்த லீகில் ஆடியபோது, கடற்கரை தன் பெயராலேயே ஓர் அணியைப் பின்தொடரும் பேறு பெற்றது. வெட்டுகாட்டு ஜோபி ஜஸ்டின் மின்வாரிய அணியிலிருந்து கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்று, 2018–19 ஐ-லீகில் இந்தியருள் மிகுதியாகக் கோலடித்தவரானார். அதே பருவத்தில் அந்த லீகை வென்றதோ தமிழ்நாட்டின் சென்னை சிட்டி அணி. முன்பு அவ்வணியில் ஆடிய இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ், இந்தியன் சூப்பர் லீகில் புகழ் பெற்றார். 2024-இல் சூப்பர் லீக் கேரளா தொடங்கியது. அதன் ஆறு அணிகளுள் ஒன்றாகத் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் நகரத்து மைதானத்தில் இறங்கியது.

இப்பார்வை கிரிக்கெட்டிலும் பரவியுள்ளது. விழிஞ்ஞத்துக்கு அருகேயுள்ள புல்லுவிளையில் 1994-இல் பிறந்த சஞ்சு சாம்சன், டில்லி போலீஸில் கால்பந்து ஆடிய சாம்சன் விஸ்வநாத்தின் புதல்வர். அவர் 2011-இல் ரஞ்சியில் இறங்கிய நாளிலிருந்தே அவருடைய ஓட்டக் கணக்கை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் அக்கரையில் பலர்.

இன்றைய நிலை

2017 ஏப்ரல் 1 அன்று திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தபோது, நெடுங்காலம் பலருடைய கனவாயிருந்த ஓர் அணியின் பெயர் மறைந்தது. 2025 மே மாதம் விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது. மாபெரும் சரக்குக் கப்பல்கள் இப்போது பழைய துறையின் பக்கத்தில் அணைகின்றன. இதற்கிடையே, பொழியூர் முதலாகப் பல ஊர்களில் கடலரிப்பு வீடுகளையும் கரையையும் ஆண்டுதோறும் விழுங்கி வருகிறது. மைதானமும் பயிற்சியாளரும் வாய்க்கும் முன்பு பையனுக்குக் கிடைக்கும் முதல் ஆசான் அந்த மணல்தான். துடுப்பு இரண்டை ஊன்றுவதற்கு வேண்டிய அளவாவது அது எஞ்சியிருக்க வேண்டும். கரையைக் காப்பது வீடுகளுக்காகவும் வள்ளங்களுக்காகவும் என்று சொல்லப்படுகிறது. வலை முடியும் முதியவர் மாலையில் ஏறிட்டுப் பார்த்து, அவன் யார் மகன் என்று கேட்பதற்காகவும் அதைக் காக்க வேண்டும்.