ராயபுரத்துச் சர்க்கரையும் அப்போ சி-3 புரதமும்: ஒரு வரலாற்று ஆய்வு

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1948-இல் சர்க்கரை நோய்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் மருத்துவர் எம். விஸ்வநாதன். 1954-இல் அவர் ராயபுரத்தில் நிறுவிய மருத்துவமனை, பின்னாளில் சர்க்கரை நோய்க்கே உரிய சிகிச்சை, ஆய்வு மையமாக வளர்ந்தது. இந்தியச் சர்க்கரை நோய் ஆய்வின் தொடக்கத்தில் துறைமுகத்தை ஒட்டிய வடசென்னைக்கு இப்படி ஓர் இடம் உண்டு. சர்க்கரை கூடியவர்களில் பலருக்கு இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பும் ஏன் கூடுகிறது? விடையின் ஒரு பகுதியை ஏ.பி.ஓ.சி.3 மரபணு தருகிறது. சர்க்கரையையும் கொழுப்பையும் தனித்தனி நோய்களாகப் பிரித்துப் பார்க்கலாகாது என்பதற்கு இம்மரபணுவின் ஆய்வு வரலாறே சான்று என்பது இக்கட்டுரையின் வாதம்.

புரதத்தின் வேலை

இம்மரபணு 11-ஆம் குரோமோசோமில் உள்ளது. அது உருவாக்கும் அப்போ சி-3 புரதம் 79 அமினோ அமிலங்களே கொண்டது. 1974-இல் அவற்றின் வரிசை முழுமையாக வெளியானது. பெரும்பகுதி கல்லீரலில் உருவாகி, கொழுப்பைச் சுமக்கும் துகள்களோடு இரத்தத்தில் சுற்றுகிறது. லைப்போபுரத லைப்பேஸ் நொதி அக்கொழுப்பைச் சிதைப்பதை இது தடுக்கிறது. எஞ்சிய துகள்களைக் கல்லீரல் உள்வாங்குவதையும் தாமதப்படுத்துகிறது. ட்ரைகிளிசரைடு மிகவும் கூடியவரின் சீரம் சோதனைக் குழாயில் பால் போலக் கலங்கித் தெரியும். உணவுக் கொழுப்புத் துகள்கள் தேங்கியிருந்தால், இரவு முழுதும் குளிரில் வைத்த குழாயின் மேலே ஆடை படியும்.

அடையாளத்திலிருந்து காரணத்துக்கு

1983-இல் லண்டனில் கால்டன் முதலிய ஆய்வாளர்கள், இம்மரபணுவை ஒட்டிய டி.என்.ஏ.வை எஸ்.எஸ்.டி.-1 என்ற வெட்டு நொதி துண்டாக்கும் விதத்தில் ஒரு வேறுபாட்டைக் கண்டனர். ட்ரைகிளிசரைடு மிகுந்தவர்களிடம் அது அடிக்கடி காணப்பட்டது. ஆனால் அது ஓர் அடையாளமே; காரணம் என்று நிறுவப்படவில்லை. 1990-இல் பிரெஸ்லோ என்பவரின் ஆய்வுக் குழு மனித ஏ.பி.ஓ.சி.3 மரபணுவை எலிகளில் புகுத்தியதும் அவற்றின் ட்ரைகிளிசரைடு ஏறியது. புரதம் மிகுந்தால் கொழுப்பு தேங்கும் என்பது அப்போது உறுதியானது.

1995-இல் வெளிவந்த ஆய்வே நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னது. இன்சுலின் இம்மரபணுவின் செயலை அடக்குகிறது. மரபணுவின் முகப்பில் -455, -482 ஆகிய இடங்களில் மாற்றம் இருந்தால் இந்த அடக்கம் செல்லாது என்று உயிரணுச் சோதனைகள் காட்டின. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில் சர்க்கரையோடு கொழுப்பும் ஏறுவதற்கு இது ஒரு வழி.

இந்தியச் சான்றுகள்

2010-இல் இருதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் இடம்பெற்ற சென்னை ஆய்வுக் குழு, இம்மரபணு அடங்கிய மரபணுத் தொகுப்பின் மாற்றங்கள் இந்தியர்களின் ட்ரைகிளிசரைடு அளவோடு தொடர்புடையவை என்று எழுதியது. அதே ஆண்டு அமெரிக்காவில் 95 இந்திய வம்சாவளி ஆண்களிடம் நடந்த ஆய்வு, முகப்பு மாற்றங்களைக் கல்லீரல் கொழுப்போடும் இணைத்தது. ஆனால் டல்லாஸ் நகரில் அதைவிடப் பெரிய மக்கள் தொகுதியில் இத்தொடர்பு தேறவில்லை. சிறு ஆய்வின் முடிவை ஓர் இனத்தின் தலைவிதியாக்குவது தவறு என்பதற்கு இது நல்ல பாடம்.

இம்மரபணு பழுதானால் என்ன ஆகும் என்ற மறுபக்கச் சான்று இன்னும் வலுவானது. 2008-இல் அமெரிக்க ஆமிஷ் மக்களில் சுமார் 5 விழுக்காட்டினரிடம் இம்மரபணுவின் ஒரு பிரதி பழுதாகியிருப்பது கண்டறியப்பட்டது. அவர்களின் ட்ரைகிளிசரைடு குறைவாக இருந்தது. அத்தகையோருக்கு இதயத் தமனி நோய் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு என்று 2014-இல் வெளியான ஆய்வு கணித்தது. 2017-இல் இரு பிரதிகளும் பழுதான பாகிஸ்தானியரைக் கண்டறிந்து கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்தபோது, அவர்களின் ட்ரைகிளிசரைடு வழக்கமான அளவுக்கு ஏறவில்லை. இம்மரபணுவின் செய்தியை அடக்கும் ஒலெசார்சன் மருந்துக்கு, அரிய பரம்பரைக் கொழுப்புக் கோளாறு ஒன்றுக்காக, 2024 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

முடிவுரை

தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடந்து 2014-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில், 29.5 விழுக்காட்டினருக்கு ட்ரைகிளிசரைடு மிகுந்திருந்தது. மரபணு இதில் ஒரு பங்கு மட்டுமே. மாவுச்சத்து மிகுந்த சாப்பாடு, மது, கட்டுப்படாத சர்க்கரை ஆகியவை மாற்றக்கூடிய காரணங்கள். ஆகவே ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள மருத்துவமனைகளுக்கு உடனடித் தேவை மரபணுச் சோதனை அன்று. சர்க்கரைப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கொழுப்புப் பரிசோதனையும் நடக்க வேண்டும்.