பான்ஸ்

லத்தீனில் ‘பான்ஸ்’ என்றால் பாலம். மூளைத்தண்டின் நடுவே புடைத்திருக்கும் பகுதிக்கு அப்பெயர் வைத்தவர் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியர் வரோலியோ. தமிழில் மூளைப்பாலம் எனலாம்.

தருமபுரிப் பக்கம் வாந்திபேதியில் துவண்ட பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், “உப்பு இறங்கிடுச்சு” என்பார்கள். அதாவது ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோல் அலகுக்குக் கீழே. நாள்பட்டு இறங்கியதை மளமளவென்று ஏற்றினால், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதையும், பெரும்பாலும் இந்தப் பாலத்தில். 1959இல் நரம்பியல் மருத்துவர் ஆடம்ஸ் குழுவினர் குடிநோயாளிகளிடமும் ஊட்டமிழந்தவர்களிடமும் இச்சிதைவை விவரித்தார்கள். சோடியத்தோடு முடிச்சுப் போட்டது பின்னாளில்தான்.

அதனால்தான் 24 மணி நேரத்துக்கு எட்டு, மிஞ்சினால் பத்து அலகு என்று நிதானமாக ஏற்றுகிறார்கள். “ஏன் டாக்டர், இவ்வளவு மெதுவா?” என்று உறவினர் சலித்துக்கொள்வது நியாயம்தான். ஆனால் அவசரத்தின் விளைவு அன்றே தெரியாது: தெளிந்து பேசியவருக்குச் சில நாள் கழித்து நாக்குழறும், விழுங்க முடியாது, கைகால் இழுத்துக்கொள்ளும்.